தாள் மாற்றுகிறவள்

அன்று காலை அழுத்துப்பலகையைப் பிரிக்கும்போது அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேசையின் தலைமாட்டில், ஜன்னலுக்கு முதுகு காட்டி, உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்து வைக்கும் அந்தக் காப்பகத்தின் பொறுப்பாளர் அம்மாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டால் மற்றவர்கள் வாயைப் பூட்டிக்கொள்ள வேண்டும். அவருக்கு வலப்பக்கம், புல் சேகரிக்கிறவன். சேற்றில் இறங்கினால் பொழுதுக்கும் அசையாமல் நிற்பதால் எல்லோருக்கும் அவன் கொக்கு. அவனுக்கு நேர் எதிரே, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து நாற்காலியில், அவன் தங்கை. சதுப்புகளிலும் வாய்க்கால் கரைகளிலும் பிடுங்கி வந்த புற்களைத் தாளுக்குள் வைத்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே வார் போட்டு இறுக்கி, ஈரம் ஊறிய தாளை எடுத்துவிட்டு உலர்ந்த தாள் வைத்துக்கொண்டே இருப்பது அவள் வேலை. நான்காமவர் ஜீப் ஓட்டுநர். அவருக்கு அறைக்குள் ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் வாசலை ஒட்டி முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேடிக்கை என்றால் அவருக்கு வெல்லம்.

வாரை அவிழ்த்தவுடனேயே அவளுக்குச் சரியில்லை என்று பட்டது. காய்ந்துவரும் புல்லுக்கு ஒரு வாசனை உண்டு, வெயிலில் போட்ட பாய் மாதிரி, லேசான இனிப்போடு. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த வாசனை அவள் தலைமுடியிலும் புடவையிலும் ஏறி, வீட்டுக்கும் கூடவே வந்துகொண்டிருந்தது. இப்போது பலகை திறந்ததும் எழுந்தது அதுவல்ல. குளத்தின் அடிச்சேற்றைக் காலால் கிளறியதும் குமிழ் விட்டு மேலே வருமே, அந்த நாற்றம். பலகையோ அதுவரை உலர்த்தும் சூட்டலமாரிக்குள் இருந்தது. எடுக்கும்போது அலமாரியின் கம்பி அவள் விரலைச் சுட்டிருந்தது.

மேல் தாளைத் தூக்கினாள். புல் இருந்தது. தண்டு, இலை, வேர், எல்லாம் அவள் வைத்த இடத்தில். கதிரில் மட்டும் ஒரு விதைகூட இல்லை.

"உதிர்ந்திருக்கும். தாளை உதறும்மா," என்றார் பொறுப்பாளர்.

உதறினாள். ஒன்றும் விழவில்லை. தாளை ஜன்னல் பக்கம் பிடித்தபோது வெளிச்சம் சின்னச் சின்னப் புள்ளிகளாக உள்ளே வந்தது. அடுத்த தாளிலும் அதே இடங்களில் துளைகள். அதற்கடுத்த ஒற்றுத்தாளிலும். பழைய செய்தித்தாள் ஒன்றை ஓட்டுநர் எட்டி வாங்கிப் பார்த்தார்.

"அட, வரன் தேடுற பக்கம்! நல்ல வேலை, நல்ல குடும்பம்னு போட்டிருக்கான், மாப்பிள்ளைக்கு மூக்கைக் காணோம்."

யாரும் சிரிக்கவில்லை. கடைசித் தாளையும் எடுத்தபோது பலகை தெரிந்தது. தேக்குப் பலகை. அதில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றின் வாயிலும் சுற்றி மாவு போல மரத்தூள், நடுவே முடியளவு வால் ஒன்று நீட்டிக்கொண்டு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வால் கால் சுற்று திரும்பியது.

"இந்த வகைப் புல்லுக்கு அதுதானே குணம்," என்றார் பொறுப்பாளர். "ஈரம் பட்டா வால் முறுக்கும், விதை மண்ணுக்குள்ள இறங்கும். புதுசு ஒண்ணும் இல்லை."

"இது மண்ணு இல்லீங்களே, தேக்கு," என்றாள் அவள்.

பொறுப்பாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

எதிரே அண்ணன் தாளையும் பார்க்கவில்லை, பலகையையும் பார்க்கவில்லை. கழுத்தில் சுற்றிய துண்டுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, குழாயில் சொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்வை எங்கே இருக்கிறது என்பதை அவள் கவனித்தாள். அப்போதுதான் அவளுக்கு, இந்தப் புல்லைப் பிடுங்கிய அன்று போன படகு ஞாபகம் வந்தது.

புல்லைப் படிக்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காய்ந்த விதை கல் மாதிரி இருக்கும். ஊசியால் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் வெந்நீரில் ஊறப்போட வேண்டும். சதுப்புக்கு நடுவில் வெந்நீருக்கு எங்கே போவது? நாக்குக்கு அடியில் அடக்கிக்கொள்வார்கள். வெற்றிலை பாக்கு போடுகிறவர்கள் மாதிரி ஒரு கன்னம் உப்பலாக, பேச்சு கொழகொழவென்று, அதைப் பார்த்தாலே புல்காரன் என்று சொல்லிவிடலாம். அண்ணன், அவள், ஓட்டுநர் மூவரும் படகில் போன அன்றும் அப்படித்தான். சதுப்பின் கடைக்கோடியில், நாணல்கூட முளைக்காத கறுப்புத் தண்ணீரில், ஒற்றைக் குத்தாக நின்றது அந்தப் புல். அவன் இதுவரை பார்த்திராத புல். ஒரே ஒரு குத்துதான் இருக்கிறது என்றால் தொடக் கூடாது என்பது அவர்கள் தொழில் தர்மம். அவன் வேரோடு பிடுங்கினான். பிடுங்கிய கையோடு ஒரு விதையை வாயில் போட்டுக்கொண்டான். படகு தண்ணீருக்குள் இருந்த ஏதோ அடிமரத்தில் இடித்தது, விழுங்கிவிட்டான்.

"மாடுகூட மென்னுட்டுதான் சார் முழுங்கும்!" என்று துடுப்பு போட்ட ஓட்டுநர் சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள். அவள்தான் அதிகமாகச் சிரித்தாள்.

*

காப்பகத்துக்குப் பின்னால் இருந்தது அவர்கள் வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்கதவைத் திறந்தால் வாய்க்கால். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவள் என்றே காலம் ஓடியிருந்தது. இரண்டு பேருமே கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, கடைசியில் கேட்பதற்கு ஆளில்லாமல் போனார்கள். அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த வீட்டில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு வாய் கிடையாது.

அவனுக்குத் தாகம் பிடித்தது. குடம் குடமாகக் குடித்தான். தொண்டையில் என்னவோ குத்துகிறது என்று சொன்னவன், பிறகு நெஞ்சில் என்றான், பிறகு விலாவுக்குக் கீழே என்றான். மருத்துவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையேப்பா, பயம்தான்," என்று முதுகில் தட்டி அனுப்பினார். விளக்கடித்த இடத்தில் ஒன்றும் இல்லைதான். அது இறங்கிவிட்டிருந்தது. ஒரு சாயங்காலம் அவன் தூங்கும்போது அவள் அவன் இடுப்பெலும்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். தோலுக்கு அடியில், அரிசியளவு, கெட்டியாக. விரலுக்குக் கீழே அது திரும்பியது.

காலையில் அவன் போர்வை எப்போதும் ஒரே பக்கமாக முறுக்கிக் கிடக்கும். துணி துவைக்கிறவர்கள் பிழிந்து போட்ட மாதிரி.

"ராத்திரி முழுக்கப் புரண்டியா அண்ணா?"

"இல்லையே பாப்பா. மரம் மாதிரி தூங்கினேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் தலை லேசாக இடது தோளுக்கு மேல் திரும்பியே இருந்தது. அவள் இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்து நேராக வைத்தாள். கையை எடுத்ததும், நிதானமாக, கடிகார முள் நகர்வது கண்ணுக்குத் தெரியாதே, அப்படித் தெரியாமல், அது பழைய இடத்துக்கே போயிருந்தது.

வெயில் அடித்த நாட்களில் அவன் அவனாகவே இருந்தான். சாப்பிட்டான், பேசினான், பொறுப்பாளர் கண்ணாடியை ஏற்றுவதைப் போல நடித்துக் காட்டினான். வானம் மூடினால் ஆள் மாறினான். பேச்சு குறையும். பாதம் தரையைத் தேய்க்கும். எழுந்து பின்கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுக்கொண்டு நிற்பான். எங்கே அண்ணா போறே என்றால், "சும்மா. கரையில நிக்கலாம்னு," என்பான். குரலில் ஈரம் சொட்டும்.

புல்லை அவன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன். ஈரத்தில் முறுக்கும், உலர்ந்தால் அசையாது. இது அவளுக்குத் தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் இடுக்குகளில் செய்தித்தாளைத் திணித்தாள். காப்பகத்தில் பழுதென்று ஒதுக்கியிருந்த சூடேற்றியைக் கேட்டு வாங்கி வந்து அவன் அறையில் வைத்தாள். ஈரத்துணியை வீட்டுக்குள் காயப்போடுவதை நிறுத்தினாள். கடைசியில் தண்ணீர்க் குடத்தையும் அறையை விட்டு எடுத்தாள்.

"ஒரு வாய் கொடு பாப்பா."

"நாளைக்குத் தர்றேன் அண்ணா."

"நாக்கு ஒட்டுது பாப்பா."

ஒருமுறை மனசு கேட்காமல் அரைத் தம்ளர் கொடுத்தாள். அவன் குடித்து முடிப்பதற்குள் கால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. வலியில் அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவன் முகத்தில் இருந்தது சுகம். வெகுநேரம் அடக்கியவன் கொட்டாவி விடும்போது வருமே, அந்தச் சுகம்.

அதற்குப் பிறகு அவள் கொடுக்கவில்லை.

*

மழைக்காலம் சொல்லிக்கொண்டு வரவில்லை. மத்தியானம் காப்பகத்தில் கோந்து காய்ச்சிக்கொண்டிருந்தபோது வெளிச்சம் திடீரென்று அழுக்குத் தண்ணீர் நிறமாயிற்று. கூரைத் தகரத்தில் ஒரு துளி. பிறகு ஒரு கை நிறைய எடுத்து எறிந்த மாதிரி. அடுப்பை அணைக்காமலே ஓடினாள்.

வீட்டுக்குள் சூடேற்றி உறுமிக்கொண்டிருந்தது. படுக்கை காலி. போர்வை கயிறாகக் கிடந்தது. பின்கதவு திறந்து காற்றில் அடித்துக்கொண்டிருக்க, அது அடிக்காத நேரங்களில் வேறொரு சத்தம் கேட்டது: ஈர மண்ணுக்குள் மெதுவாக எதையோ திருகுவது போல, ஒரே சீராக, அவசரமே இல்லாமல்.

வாய்க்கால் கரையில் நின்றுகொண்டிருந்தான்.

மழைத் திரைக்குள் முதலில் அவன் முதுகுதான் தெரிந்தது. கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. ஆள் குட்டையாகத் தெரிந்தான். முழங்கால் வரை சேறு.

"அண்ணா!"

முதுகு நகர்ந்தது. தோள் வந்தது. முகம் வந்தது. கண் திறந்திருந்தது. வாய் திறந்திருந்தது, மழைக்கு.

"பாப்பா," என்றது வாய்.

முகம் போயிற்று. முதுகு வந்தது.

முகம் வந்தது.

"உள்ள," என்றது.

முதுகு.

முகம்.

"குளுகுளுன்னு இருக்கு."

ஒவ்வொரு சுற்றுக்கும் விரலளவு இறங்கிக்கொண்டிருந்தான்.

அவள் சேற்றில் விழுந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இழுத்தாள். வரவில்லை. தொடையைப் பிடித்து மேலே தூக்கினாள். உள்ளங்கை எரிந்தது. பார்த்தால், அவன் கால்முடி அத்தனையும் மேல்நோக்கி விறைத்து நிற்கிறது, அரம் மாதிரி. கீழே போவதற்கு வழுக்கும். மேலே வருவதற்குக் குத்தும். அவளையும் சேர்த்துக்கொண்டே சுற்றினான். வாய்க்கால், வீடு, வாய்க்கால், வீடு.

இழுத்தால் வராது.

திருப்ப வேண்டும்.

அவனைக் கட்டிப் பிடித்தபடியே எதிர்ப்பக்கமாக நடந்தாள். செக்கு மாடு போல. சேறு பிடித்தது, விட்டது. அவன் முனகினான். முதல்முறையாக அவனுக்கு வலித்தது. "வேணாம் பாப்பா, வேணாம்டா." நடந்தாள். முழங்கால் தெரிந்தது. நடந்தாள். கெண்டைக்கால். மழை வாய்க்குள் போயிற்று. நடந்தாள். சேறு ஒரு பெரிய ஏப்பம் விட்டு அவனைக் கொடுத்தது.

இரண்டு பேரும் கரையில் விழுந்தார்கள். அவன் பாதத்தைக் கழுவ மழைத் தண்ணீரை அள்ளியவள் அப்படியே நின்றாள்.

பாதங்கள் இரண்டு இல்லை. விரல்கள் மடங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, கீழே ஒரே கூர்.

*

அன்று அவள் செய்தது வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. கதவைச் சாத்தினாள். அவன் மேல் இருந்த ஈரத்தை ஒற்றினாள், துணியால் அல்ல, துணி ஈரத்தை வைத்துக்கொள்ளும், ஒற்றுத்தாளால். ஒரு தாள் ஊறியதும் அடுத்த தாள். விரல் இடுக்கு, காது மடல், கண்ணின் ஓரம். கை தானாக வேலை செய்தது. சேற்றின் நாற்றம் கொஞ்சம் குறைந்தபோதுதான் மூச்சு விட்டாள். அறையின் கதவைக் கழற்றித் தரையில் போட்டாள். தாளைப் பரப்பினாள். அவனை அதன்மேல் கிடத்தினாள்.

மழை நிற்கவில்லை. அவள் காப்பகத்துக்குப் போகவில்லை.

தாள் மாற்றினாள். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, மழை வலுத்தால் நடுவிலும். எடுத்த தாள்கள் முதலில் சொதசொதவென்று வந்தன, பிறகு ஈரமாக, பிறகு வெறுமனே குளிர்ச்சியாக. அவன் மேனி வெளுத்தது, பிறகு மஞ்சள் பூத்தது. எடை போயிற்று. ஒரு கையால் புரட்ட முடிந்தது. தண்ணீர் கேட்பதையும் நிறுத்திவிட்டான். தாளைத் தூக்கும்போதெல்லாம் கண் இமைத்தது. இமைக்கும்போது சருகு மிதிபடும் சத்தம்.

"வலிக்குதா அண்ணா?"

"இல்லை." உதடு அசையவில்லை. ஆனாலும் கேட்டது.

"அசையாம இருப்பியா?"

கண் மட்டும் இமைத்தது.

வாசல் கதவையும் கழற்றினாள். தாளைவிட நீளமான புல்லை உடைக்காமல் மூன்றாக மடித்து வைப்பார்கள்; அடக்கமாக இருக்கும், எங்கும் நீட்டிக்கொள்ளாது. நன்றாக உலர்வதற்கு முன்னால் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒடிந்துவிடும். அவள் நேரம் பார்த்துச் செய்தாள். ஒடியவில்லை. மேலே கதவு. அதன்மேல் வார். அதன்மேல் பின்கட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி வந்த கற்கள். குளத்து நாற்றம் போய்விட்டிருந்தது. அறை முழுக்க வெயிலில் போட்ட பாயின் வாசனை. அன்று அவள் அவனுக்குப் பக்கத்தில் தரையில் படுத்து நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் ஜீப் வந்து நின்றது. அவள் குடையைக்கூட எடுக்காமல் வாசலுக்கு வந்து, கதவை முதுகால் மறைத்துக்கொண்டாள். கதவு என்று இப்போது அங்கே ஒரு புடவைதான் தொங்கியது.

"என்ன தங்கச்சி, வீட்டைப் பிரிச்சு விக்கிறியா? கதவைக் காணோம்?" என்றார் ஓட்டுநர்.

"மழைக்கு உப்பிக்கிச்சு. சீவக் கொடுத்திருக்கேன்."

"கொக்கு சார் எப்படி இருக்காரு? மேடம் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. அந்தப் புல்லுக்கு அவர் பேரையே வைக்கப் போறாங்களாம், தெரியுமா? கூப்பிடேன், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

"தூங்குறான். இப்பதான் தேறிட்டு வர்றான். ஒரு நிமிஷம் இருங்க, மேடத்துக்கு ஒரு கடுதாசி தர்றேன்."

உள்ளே வந்து, நின்றபடியே எழுதினாள். மரியாதைக்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம். அண்ணன் உடம்பு நல்லபடியாக முன்னேறி வருகிறது. அலைச்சல் ஆகாது என்பதால் மழைக்காலம் முடியும்வரை எங்கள் இருவருக்கும் விடுப்பு தரும்படி கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் பழைய செய்தித்தாளும் ஒற்றுத்தாளும் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பவும், நிறையத் தேவைப்படுகிறது. அலமாரியிலிருக்கும் அந்தப் புல்லை யாரும் வாயில் வைக்க வேண்டாம். இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்த. கையெழுத்து போட்டாள். உறையில் போட்டு, கோந்து தடவி, ஓரத்தை நகத்தால் அழுத்தி நீவினாள். ஈரம் உள்ளே போகாதபடி இன்னொரு முறை நீவினாள்.

ஓட்டுநர் உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். "உடம்பைப் பார்த்துக்க தங்கச்சி. நீயும் இளைச்சுட்டே."

ஜீப் உறுமிக்கொண்டு கிளம்பியது. சக்கரம் தெளித்த தண்ணீர் வாசற்படியில் ஏறி, புடவையின் கீழ் ஓரத்தை நனைத்து, ஒரு மெல்லிய கோடாக உள்ளே ஓடியது. அவள் அதைத் துடைக்கத் திரும்பினாள்.

ஜீப் தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அறையின் நடுவில், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்த இரண்டு கதவுகளும், அவற்றைச் சுற்றிய வாரும், மேலே அடுக்கிய அத்தனை கற்களும், ஒரு கல்கூடச் சரியாமல், திரிகை சுற்றுவது போல மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அடியில் சிமென்ட் தரை மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது.